இரண்டு பைனாகுலர்களும் ஏரிக்கரைப் புளியமரமும்

பறவை பார்க்க எந்தப் பைனாகுலர் நல்லது, பெரியதா சின்னதா? இந்தக் கேள்வி முதன்முதலில் எனக்கு வந்தபோது ஒன்பது வயது. இப்போது என் மகளுக்கே எட்டு வயதாகிவிட்டது. பதில் மட்டும் கிடைக்கவில்லை. கடைக்காரர் இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன். போன வாரமும் இப்படித்தான்.

1991இல் எங்கள் வீடு படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையை ஒட்டி இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் ஏரி. அந்த ஏரிக்கு நான் தனியாகப் போகக்கூடாது. அப்பாவுக்கு லீவு இருந்தால், அவருக்கு மனமும் இருந்தால், கூட்டிப்போவார். அந்த வருஷம் வைகாசியில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு அதுவும் நின்றுபோனது. அக்கம்பக்கத்து அம்மாக்கள் எல்லோருமே பிள்ளைகளை வாசலுக்குள் வைத்திருந்தார்கள். நான் மாடியிலிருந்து வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து, அது கொக்கா நாரையா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தொல்லை தாங்காமலோ என்னவோ, மறைமலை நகரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிப்பையோடு வந்தார். கூட வேலை செய்பவருடைய அண்ணன் கப்பலில் இருந்தாராம். அவர் கொண்டுவந்த இரண்டு பைனாகுலர்கள் பையில் இருந்தன. ஒன்று எனக்கு. மற்றது சாயங்காலமே திரும்பிப் போக வேண்டும்.

பெரியது, உரித்த தேங்காய் இரண்டைச் சேர்த்துக் கட்டினதுபோல் கனத்தது. சின்னது என் கைகளுக்குள் அடங்கியது. அதைக் கண்ணில் வைத்ததுமே கரண்டுக் கம்பியில் இருந்த மீன்கொத்தி அலகோடும் நீலத்தோடும் வந்து நின்றது. பெரியதில் வானம் ஆடியது, இலை ஆடியது, மீன்கொத்தி வரவே இல்லை.

ஆனால் தேர்வு நடத்தியவர்கள் மாமாவும் அப்பாவும். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குத் தூரத்தில் பார்க்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான், பஸ். இரண்டு பேரும் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"மாமா, போர்டு தெர்தா பாருங்க" என்று பெரியதை அப்பாவிடம் நீட்டினார் மாமா.

"தெர்து மச்சான்! வாலாஜாபாத் வண்டி. கண்டக்டரு வெத்தல துப்பறது கூட தெர்து."

"அப்ப இதான். இனிமே கம்பெனி பஸ்ஸு அங்க திரும்பறத பாத்துட்டு நீங்க இங்க சட்ட போட்டா போதும்."

சின்னதில்தான் மீன்கொத்தி தெரிகிறது என்று நான் சிணுங்கினேன்.

"அடிப் போடி, மீன்கொத்திய வெறுங்கண்ணுல பாக்கலாம். இதுல பஸ்ஸு நம்பரே படிக்க முடிலயே!" என்றார் மாமா.

அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட விஷயங்களில் அவள் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்கு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். சாலையை அல்ல, ஏரிக்கரையை. சின்னதில் கொஞ்ச நேரம். பெரியதில் நெடுநேரம்.

"பெருசே இருக்கட்டும்" என்றாள்.

"ஏன்க்கா, கொழந்த ஆசப்படுது, சின்னத்த குடுத்தா இன்னா?" என்று மாமாவே மனம் மாறிக் கேட்டார்.

"பெருசு போதும்டா."

நான் அழுதேன். இவ்வளவு கனத்தை எப்படிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது என்று கேட்டேன்.

"நீ ஏன் மாட்ற? அது வூட்லயே இருக்கட்டும்" என்றவள், தொடர்ந்து சொன்னதுதான் ஆச்சரியம். "சாயங்காலம் நீ ஏரிக்குப் போய்ட்டு வா. கரை மேலயே போவணும். புளியமரத்துக்கு அப்பால ஒரு அடி வெக்கக்கூடாது. தண்ணில எறங்காத."

அன்று முதல் நான் தனியாக ஏரிக்குப் போனேன், வெறுங்கண்ணோடு. பைனாகுலர் இல்லாதபோது வீட்டில் அடைபட்டிருந்தேன்; பைனாகுலர் வந்த பிறகு அது வீட்டில் இருந்தது. இந்த நியாயம் எனக்கு விளங்கவே இல்லை.

அம்மா பெரியதோடு நன்றாகப் பழகிவிட்டாள். மாடியில் அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டால் ஆடாது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். நான் திரும்பி வரும்போது அவள் கண்களைச் சுற்றி ரப்பர் பதிந்த இரண்டு வட்டங்கள் இருக்கும். ஆந்தை என்று சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். எங்கள் அம்மா பெரிய பறவை ஆராய்ச்சிக்காரி என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒருநாள் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக என் தலைக்கு மேலே மிகத் தாழ்வாகப் பறந்து போயின. இறக்கைச் சத்தம்கூடக் கேட்டது. வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"செருப்ப ஏன் கயட்டின? மதகாண்ட எதுக்குக் குனிஞ்ச?" என்றாள் அம்மா.

"அத வுடும்மா. நாரைங்கள பாத்தியா? எம்மாங் கூட்டம்!"

"எந்த நாரை?" என்றாள்.

அவ்வளவு பெரிய பைனாகுலரை வைத்துக்கொண்டு, வானத்தையே மறைத்துப் போன கூட்டத்தை எப்படிக் கோட்டை விட்டாள் என்று அன்றிரவு சாப்பிடும்போதுகூட நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் என் மகளைப் பள்ளியிலிருந்து பறவை பார்க்க ஏரிக்கு அழைத்துப் போகிறார்கள். பெற்றோர் வரக்கூடாதாம். அவள் சின்னதைத்தான் கேட்கிறாள். அவள் சொல்வதுதான் சரி என்றும் படுகிறது. எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலில் எதிர் வீட்டுச் சுவர்தான் தெரியும். இருந்தும் கடையில் என் கை பெரியதன் மேலேயே போய் நிற்கிறது. வாங்கிப் பழகியவர்கள் யாராவது எழுதுங்கள். எட்டு வயதுக் குழந்தையின் கழுத்துக்கு வலிக்காதது எது? அப்புறம், ஏரியே தெரியாத வீட்டில் ஒரு தாய் பெரியதையும் சேர்த்து வாங்கினால், அது வீண் செலவா?