அளந்தவர் பெயர்

டோருன் ஹவுக்லாண்டுக்குச் சம்பளம் தருவது ஹவுகெசுண்ட் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவு. நிம்மதியைக் கெடுப்பது வேறொன்று: நார்வேயின் சின்னத் துறைமுகங்களில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் இலவச மென்பொருள். பத்தொன்பது வருடங்களாக அவள்தான் அதைப் பராமரிக்கிறாள். யாரும் திருத்தம் அனுப்பலாம். சேர்ப்பதும் தள்ளுவதும் அவள் பொறுப்பு.

இந்த வருடம் திருத்தங்கள் கொட்டின. பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்தவை. பணிவுக்குக் குறைச்சலில்லை, சரக்குதான் இல்லை. ஒன்று, ஒரு துறைமுகத்தில் கடல் வற்றும்போது இருக்கும் ஆழத்தை அரை மீட்டர் கூட்டிக் காட்டியது. நம்பி வரும் படகு பாறையில்தான் உட்காரும். நல்லவேளை, கடைசி நிமிடத்தில் கண்ணில் பட்டது.

டோருனுக்குக் கோபம் தலைக்கேறியது. "இயந்திரம் எழுதிய எதையும் ஏற்க மாட்டோம்" என்று ஒரே வரியில் விதி எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை முதல் அமல்.

"அப்பாடா, இனிமே சாப்பாட்டு மேசையில உன் முகத்தைப் பார்க்கலாம்," என்றார் கணவர் அஸ்லாக்.

வியாழக்கிழமை மாலை தொலைபேசி வந்தது. வடகோடி வார்டோவிலிருந்து எஸ்கில். மூன்று வருடங்களாகத் தவறாமல் திருத்தமும் கூடவே விளக்கக் கடிதமும் அனுப்புகிறவர். குரலை அவள் கேட்டதேயில்லை.

"டோருன்... நான்... நிறுத்திக்கிறேன்."

"ஏன், என்னாச்சு?"

"பக்கவாதம். முன்னாடி. எண்ணு வரும். வார்த்தை... வராது. கடிதமெல்லாம்... மெஷின். நிரலும் பாதி."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு தெளிவான கடிதங்கள்!

"ஆனா உங்க அளவு ஒண்ணுகூடத் தப்பினதில்லையே, எஸ்கில். எப்படி?"

"படகுத்துறை. அளவுக் கம்பு. தினமும்... போவேன்."

"அந்தக் குளிர்லயுமா?"

"கடல்... உறையாதே!" என்று சிரித்தார்.

டோருன் அழுதுவிட்டாள். வடகரை அட்டவணை ஒழுங்கானதே இவரால்தான். இப்படிப்பட்டவரை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, சொல்லாமல் விலகிப் போகாமல், வராத வார்த்தைகளைத் திரட்டிக்கொண்டு அழைத்தாரே என்ற நன்றி நெஞ்சை நிறைத்தது.

"நீங்க எங்கயும் போகக் கூடாது. விதியைத்தான் மாத்தணும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வேறு விதி வந்தது. இயந்திரத்தின் உதவி இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அனுப்புகிறவர் தானே சரிபார்த்து, எப்படிச் சரிபார்த்தார் என்று தன் சொந்த வார்த்தையில் எழுதிப் பெயர் போட வேண்டும். எவ்வளவு சுருக்கமானாலும், பிழை இருந்தாலும் பரவாயில்லை. அந்த வரி இல்லாத திருத்தத்தைப் பிரித்தே பார்க்க மாட்டோம்.

வெட்டித் திருத்தங்கள் பாதிக்குமேல் நின்றுபோயின. திங்கட்கிழமை வார்டோவிலிருந்து திருத்தம் வந்தது. கீழே எஸ்கில் தானே தட்டியிருந்தார். எவ்வளவு நேரம் பிடித்ததோ.

"நானே அளந்தேன். எஸ்கில்."

டோருன் வேறெதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டாள்.