வகுப்புக்கு வராத கொத்தனார்

கதவைச் சாத்தியபின் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது என்று அறைத்தோழி முதல் நாளே சொல்லிவிட்டாள். "அது பூட்டிக்கும், நான் நம்பணும்ல?" என்று தமிழிலேயே முனகிவிட்டு, இருபத்திரண்டு படிகளையும் இறங்குவாள். கடைசிப் படிக்கு வருவதற்குள் அக்காவுக்கு போன் போய்விடும்.

"பூட்டிட்டேன். குடை எடுத்துட்டேன். ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கேன். போதுமா?"

"காதை மூடினியாடி?"

"மூடினா நீ பேசுறது எப்படிக் கேக்கும்?"

வீட்டில் அவளுக்குக் கலெக்டர் என்று பெயர். தப்பாகச் சொன்னாலும் உத்தரவு மாதிரிதான் சொல்வாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் படிக்க அவள் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு பரிமாற்ற மாணவியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது அவள்தான் என்று தெரிந்ததும் வீடே அழுதது. அவள் மட்டும் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

வந்த நான்காம் நாள், நூலகம் எங்கே என்று கேட்ட இரண்டு பேருக்குக் கையை நீட்டி வழி சொன்னாள். அவர்கள் போய்ச் சேர்ந்தது சாப்பாட்டுக் கூடம். மறுநாள் அவர்கள் பிடித்துக்கொண்டபோது, "வெறும் வயித்துல படிச்சா ஏறாது, அதான் முதல்ல அங்க அனுப்பினேன்" என்றாள். அன்றிலிருந்து மூவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். கீழ்த்தளத்துத் துணி துவைக்கும் இயந்திரம் ஓயாமல் உறுமும். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். தமிழில் இந்த ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் தெரியாத அறைத்தோழி, சனிக்கிழமைகளில் கீழேயிருந்து கத்துகிறாள்: "மாமியார் சும்மா இருக்கு, வா!"

செவ்வாயும் வியாழனும் கான்கிரீட் வகுப்பு. படிப்படியாக மேலேறும் பெரிய அரங்கம். நூற்று நாற்பது பேர். அந்தப் பாடத்தில் தேறினால்தான் இந்த ஆறு மாதத்தையும் அவளுடைய கல்லூரி ஏற்றுக்கொள்ளும். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவது நாற்காலி அவளுடையது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கேள்வி கேட்காமல் எழுந்திருக்க மாட்டாள். அப்பா கொத்தனார் என்பதால் கேள்விக்குப் பஞ்சமில்லை. "மணல்ல எவ்வளவு ஈரம்னு எங்கப்பா ஒரு பிடி பிடிச்சுப் பார்த்தே சொல்லிடுவார். உங்க மெஷின் அவரை ஜெயிக்குமா, சார்?" பேராசிரியர் சிரித்தார். அடுத்த வகுப்புக்கு ஒரு வாளி மணலோடு வந்தார்.

வகுப்பு தொடங்குமுன் பேராசிரியரின் உதவியாளர் பட்டியலைப் பார்த்து வருகைப் பதிவு எடுப்பார். முதல் நாளே அதில் அப்பாவின் பெயர் வந்தது. நடுவிலிருந்த ழகரம் அவர் வாயில் நசுங்கிவிட்டது. ஆனாலும் அவள் காது கண்டுபிடித்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். யாரும் கை தூக்கவில்லை.

"அக்கா, எங்க கிளாஸ்ல அப்பா பேர்ல ஒருத்தன் இருக்கான். ஒரு நாளும் வர மாட்டேங்கிறான்."

"நம்ம பையனா இருக்கும். பார்த்தா நாலு வார்த்தை நல்லதா சொல்லு."

"வரட்டும், இருக்கு அவனுக்கு. அப்பா பேரை வச்சுக்கிட்டு கட் அடிக்கிறான்!"

அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. பரிமாற்ற மாணவர்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கலெக்டர் எதற்குக் கேட்க வேண்டும்?

மூன்றாம் வாரக் கடைசியில், கதவின் அடியில் ஒரு கடிதம் கிடந்தது. ஆறு வகுப்புகளுக்கும் வராததால் அந்தப் பாடத்திலிருந்து நீக்கப்படுவதாகவும், விளக்கம் இருந்தால் மூன்று நாளுக்குள் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பாடம் போனால் அரையாண்டு போச்சு. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அன்று கைப்பிடியை ஒரு முறைகூட இழுக்காமல் அலுவலகத்துக்கு ஓடினாள்.

அங்கிருந்த அம்மாள் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு பெயர், அதற்கு நேரே ஆறு சிவப்புக் குறிகள்.

"இது எங்கப்பா!"

"உங்க அப்பாவும் இங்கதான் படிக்கிறாரா?"

"இல்லங்க. அவர் அஞ்சாவதோட நின்னுட்டார்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். விண்ணப்பத்தைத் தேடி எடுத்ததும் விஷயம் விளங்கியது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர், ஒரு எழுத்துகூடக் கோட்டைத் தாண்டாமல் எழுதப்பட்டிருந்தது. அதை நிரப்பிக் கொடுத்த அக்காவின் கையெழுத்து. வகுப்புப் பட்டியலில் அந்தக் கட்டம் மட்டும்தான் அச்சாகும்.

"குடும்பத்துப் பேருன்னா குடும்பத் தலைவர் பேருதானேடி? மூணு தடவை சரிபார்த்தேனே!" என்று அக்கா போனில் அழுதாள்.

"ஸ்பெல்லிங் சரியாத்தான் இருக்கு. அழாத."

அப்பா போனை வாங்கினார். "நாப்பது வருஷமா எந்த மேஸ்திரியும் என்னை மட்டம் போட்டேன்னு சொன்னதில்ல. உங்க காலேஜ்ல மூணு வாரம் போட்டுட்டேனாமே?"

"ஆமாப்பா. உங்களை நீக்கிட்டாங்க."

"போய்ச் சொல்லு, ஆள் வேலை தெரிஞ்சவன்னு."

பேராசிரியரின் அறைக்கு அவள் கொண்டுபோனது ஒரே ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு வகுப்புக்கும் தேதி. அன்று கேட்ட கேள்வியின் கீழே சிவப்புக் கோடு. ஆறு வகுப்புக்கு ஆறு கேள்வி. அவர் மூன்றாவது பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டார். "ஆறு நாளும் என்னைக் கேள்வி கேட்டுக் குடைஞ்சது நீ. ஆறு நாளும் வராத ஆளும் நீயா?" என்று கேட்டுக்கொண்டே அலுவலகத்துக்கு போன் செய்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே போனின் வாயைப் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "பட்டியல்ல உன் சொந்தப் பேரையே போடச் சொல்லட்டுமா?"

அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சார். இதே இருக்கட்டும். ஆனா ஒழுங்கா கூப்பிடணும்."

உதவியாளரை நடைபாதையில் நிறுத்திவைத்து இருபது நிமிடம் ழகரம் சொல்லிக்கொடுத்தாள். "நாக்கை மடக்குங்க. இன்னும் உள்ள. பல்லைத் தொடாதீங்க!" அவர் முகம் சிவந்து, கடைசியில் ஏதோ வந்தது. "பரவாயில்ல, பாஸ் பண்ணிட்டீங்க" என்று விட்டாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு. பெயர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவரவர் உட்கார்ந்த இடத்திலேயே, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். உதவியாளர் ஓர் இடத்தில் நிறுத்தி, மூச்சை இழுத்து, நாக்கை மடக்கினார். அப்பாவின் பெயர் முழுதாக வந்தது.

மடக்கு நாற்காலி பின்னால் படீரென்று மடங்க, அவள் எழுந்து நேராக நின்றாள். நூற்று நாற்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உதவியாளரின் பேனா காகிதத்தில் பட்டு ஒரு கோடு இழுக்கும் வரை உட்காரவில்லை.