டேப் ஒட்டிய ஜன்னல்கள்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றே கூப்பிட்டோம். லாரி ஓட்டும் கணவன் வீட்டில் இருப்பது மாதத்தில் சில நாள்தான். குடும்பத்தைத் தாங்கியது அவள் சம்பளம். காப்பீட்டு விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. முன்பு கிடங்காக இருந்த நீண்ட அறையில் இருபது கம்ப்யூட்டர்கள் ஓடும். மூலையில் இரண்டு லேசர் பிரிண்டர்கள். பக்கத்து அறையில் நான் கணக்கு எழுதினேன். அவள் யாருக்கும் கெடுதல் நினைக்காதவள் என்று எழுத மாட்டேன். ஒருவருக்கு நினைத்தாள். அதைச் செய்தும் முடித்தாள்.

அந்த ஒருவர் மேனேஜர். தூசி நுழைந்தால் மெஷின் கெட்டுவிடும் என்று அந்த அறையின் ஜன்னல்களையெல்லாம் தெர்மகோல் வைத்து அடைத்து, விளிம்பு விடாமல் டேப் ஒட்டியவர். அதனால் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் டேப் சார். தேநீர் வேளை தவிரக் கதவைத் திறக்கக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

"சார், மூச்சு முட்டுது. மத்தியானமானா தலை கிறுகிறுங்குது" என்று பெரியக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ஏசி ஓடுதேம்மா. இதவிட நல்ல காத்து உங்க வீட்டுல வருதா?"

ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதுவோ உள்ளே கிடந்த காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைத்தது. அத்தனை பேர் விட்ட மூச்சும் பிரிண்டரின் சூட்டு நெடியும் அதிலேயே சுற்றின. ஜன்னலோரத் தனி அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

பெரியக்காவின் நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள். பிரிண்டரை ஒட்டிய இடம். ஒரு மத்தியானம் கீபோர்டின் மேலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனாள். டேப் சார் மேஜையைத் தட்டி எழுப்பினார்.

"ராத்திரியெல்லாம் எங்க சுத்துறே? இங்க வந்து தூங்கறதுக்குச் சம்பளமா?"

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் வீடு போய்ச் சேரும் முன்பே அந்த 'ராத்திரி' தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த பெண். மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பிறகு வரவில்லை.

"அண்ணி, என் மேல தப்பில்லன்னு நீங்களாவது எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்று அழுதாள்.

"நான் சொன்னா எவ நம்புவா? அவன் வாயாலயே சொல்ல வைக்கறேன், பாரு."

பெரியக்கா சண்டைக்குப் போகவில்லை. முதலாளியம்மா வந்த அன்று பணிவாகப் போய் நின்றாள். "அம்மா, பதிவுல பிழை கூடிக்கிட்டே போகுது. சார் எங்க கூடவே உக்காந்தா ஒரு பயம் இருக்கும்."

பிழை கூடியது உண்மைதான். முதலாளியம்மா சம்மதித்தார், டேப் சாருக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. மேஜையை எங்கே போடுவது என்ற பேச்சு வந்தபோது, பிரிண்டர் மூலையில் நாத்தனாரின் காலி இடத்தைப் பெரியக்காவே துடைத்துக் கொடுத்தாள்.

முதல் வாரம் விறைப்பாக இருந்தார். அடுத்த வாரம் நெற்றியைத் தேய்க்கத் தொடங்கினார். கண் சிவந்தது, தொண்டை கமறியது. எழுந்து கதவருகே போனால், "சார், தூசி வரும் சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பும். அடக்கிய சிரிப்பு அறை முழுக்க ஓடும். திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்.

பெரியக்காவும் அதே காற்றில்தான் இருமிக்கொண்டிருந்தாள். "உன் உடம்பும்தானேம்மா கெடுது?" என்று கேட்டேன்.

"கெடட்டும் ஐயா. எனக்குப் பழகிப்போச்சு. அவருக்கு இப்பத்தானே பந்தி போட்டிருக்கோம்."

மாதக் கடைசியில் முதலாளியம்மா சொல்லாமல் வந்தார். டேப் சார் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பப் போன பெண்ணின் கையைப் பெரியக்கா பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இதுக்குத்தான் உள்ள வந்து உக்காந்தீங்களா?" என்று முதலாளியம்மா போட்ட சத்தத்தில் அவர் துள்ளி எழுந்தார்.

"அம்மா, சத்தியமா சோம்பேறித்தனம் இல்லம்மா. இந்த ரூம்ல காத்தே இல்ல. மத்தியானமானா மயக்கமா வருது. இந்த மூலையில யாரா இருந்தாலும் சாஞ்சிடுவாங்க."

பெரியக்கா எழுந்தாள். "யாரா இருந்தாலுமா சார்?"

அவர் முகம் செத்துப்போனது. முதலாளியம்மா டேப் ஒட்டிய ஜன்னல்களைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "அந்தப் பொண்ண நாளைக்கே வரச் சொல்லுங்க."

"அவ வர்றது இருக்கட்டும்மா," என்றாள் பெரியக்கா. "முதல்ல சார் எங்க தெருவுக்கு வந்து, இப்ப சொன்னத அங்க சொல்லணும். இல்லன்னா நானும் வரமாட்டேன்."

அந்த வாரமே ஜன்னல்கள் திறந்தன. எதிர்ச் சுவரில் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி ஏறியது. பிரிண்டர்கள் நடைவழிக்குப் போயின. ஏசியின் வடிகட்டியைக் கழற்றியபோது கம்பளி போலச் சாம்பல் நிறத்தில் தூசி உரிந்து வந்தது. பெரியக்காவின் இருமல் மெல்ல நின்றது.

ஞாயிறு சாயங்காலம், தெருவே வாசலில் நிற்கும் நேரத்தில், டேப் சார் பெரியக்கா வீட்டு வாசலுக்குப் போனார். நாற்காலி போடவில்லை. நாத்தனார் கைகட்டி நிலைப்படியில் நின்றாள். அவர் தலைகுனிந்து முணுமுணுத்தார்.

"எதிர்வீட்டுக்குக் கேக்கல சார்," என்றாள் பெரியக்கா.

மறுபடி சொன்னார்.

"கோடி வீட்டுல ஒரு பெரியம்மா இருக்காங்க. அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

மூன்றாம் முறை அவர் கத்தியேவிட்டார். குரல் உடைந்தது. நாத்தனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியக்கா அவளை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.