காய்ச்சலைச் சூடு என்று நினைத்தேன்

நம் அன்பியச் செபக்கூட்டத்துச் சகோதர சகோதரிகளே, போன தவக்காலத்தில் என் இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். எங்கேயாவது மிச்சம் இருந்தால் அதையும் அழிக்கத்தான் கீமோ என்றார்கள். மருந்தின் பெயர் டோக்சோருபிசின். ரோஸ் சிராப் மாதிரி சிவப்பாக இருக்கும். ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவப்பாகப் போகும். முடி கொட்டியது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட எரிந்தது. நான் வாய் ஓயாதவள். அந்த நாட்களில் என் கணவர் சேவியரிடம் சைகையில்தான் சண்டை போட்டேன்.

இந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள், நீங்களாக மாத்திரை போடாதீர்கள் என்று தாதி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய அடுத்த வாரம் உடம்பு அனலாகக் கொதித்தது. எனக்கு அது காய்ச்சலாகவே தெரியவில்லை. நடுக்கம் இல்லை, இருமல் இல்லை. நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தானே, சூடு. டுரியான் பழம் தின்றால் சூடு, மாத்திரை சாப்பிட்டால் சூடு. சேவியரும் அதையே சொல்லி, பார்லி தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். மறுநாள் என்னால் எழுந்து உட்கார முடியவில்லை. சுவர் பக்கம் திரும்பி அழுதேன். "ஆண்டவரே, இந்தச் சூட்டை எடுத்துவிடும்" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். குறையவே இல்லை. ஆண்டவரும் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

மத்தியானம் நம் பிலோமினா அக்கா கெலுகோரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகக்கவசம் போட்டிருந்தார். எனக்குத் தொற்று வந்துவிடுமே என்று கதவோரமாகவே நின்று செபிப்பதாகச் சொன்னார். நான்தான் பிடிவாதமாக, கையைக் கழுவிவிட்டு வந்து தலையில் கைவைத்துச் செபிக்கச் சொன்னேன். அதுவரை யாருக்கும் காட்டாத மொட்டைத் தலையிலிருந்து துணியை எடுத்தேன். கைவைத்த அக்கா செபத்தைத் தொடங்கவே இல்லை.

"ரெஜினா, இது சூடு இல்லலா. காய்ச்சல். எந்திரி, காடியில போய்க்கிட்டே செபிப்போம்."

உடனே காரில் கிளம்பினோம். வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லை, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். தனி அறையில் வைத்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் சேவியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. விசுவாசம் உள்ளவர்களுக்குப் பயம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆண்டவர் கிருபையால் காய்ச்சல் இறங்கியது. மருந்தளவைக் குறைத்து மீதியையும் ஏற்றி முடித்தார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் இன்னும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனால் அவர் கைவிட்டார் என்று இப்போது சொல்லமாட்டேன். நான் சூட்டை எடுக்கச் சொன்னேன். அது சூடே இல்லை என்று அக்காவின் கைவழியாக அவர் சொன்னார்.

கீமோ எடுக்கும் சகோதரிகளே, உடம்பு கொதித்தால் தெர்மோமீட்டர் வைத்துப் பாருங்கள். காய்ச்சல் என்றால் உடனே கிளம்புங்கள். போகிற வழியெல்லாம் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். காரிலும் அவருக்குக் கேட்கும்.