பக்கத்து வீட்டுக் கஸ்டமர்

லண்டனில் மிச்சம், நோர்பரிப் பக்கம் எந்தத் தமிழ் வீட்டில் தண்ணி சுடவைக்கிற பொயிலர் நின்றாலும் முதலில் அடிபடும் பெயர் கிருஷ்ணராசாதான். "அண்ணை, சுடுதண்ணி வருகுதில்லை" என்று ஒரு போன் வந்தால் போதும், சாப்பிட்ட கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிற மனுஷன். அப்பேர்ப்பட்டவருடைய சொந்த வீட்டில், குளிர் தொடங்கிய நாளிலிருந்து ஒழுங்கான சுடுதண்ணி இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அவருடைய மனைவி சிவனேஸ்வரி நம்பினாள். கேத்தில் கேத்திலாகத் தண்ணி கொதிக்கவைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியவள் அவள்தானே.

பழுதானது பொயிலருக்குள் இருக்கிற சர்க்கிட் போர்ட். புதிதாக ஒன்றை மாட்டினால் காலைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். கஸ்டமர் வீடுகளில் அவர் அதைத்தான் செய்வார். பழையதை ஒட்டுப்போட்டு மாட்டி, நாளைக்கு ஏதும் நடந்தால் அவரல்லவா பதில் சொல்லவேண்டும். தன் வீட்டு போர்டை மட்டும் தானே திருத்திக் காட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஊரில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கத் தொடங்கி, சண்டை வந்து, பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தவர். லண்டனில் பெட்ரோல் ஷெட்டில் நின்று, பிறகு காஸ் வேலை படித்து லைசென்ஸ் எடுத்தவர். அந்தப் பாதிப் படிப்பு இன்னும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. பின்னேரமானால் சாப்பாட்டு மேசையில் போர்டைக் கிடத்திவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டு, ஈயத்தை உருக்கி ஒட்டுவார். திரும்ப மாட்டினால் பொயிலர் எரியும். அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிடும். விடிய எழும்பிப் பார்த்தால் மறுபடியும் சிவப்பு லைட் மின்னிக்கொண்டிருக்கும்.

"இது சாகேல்லை சிவனேஸ், மயங்கித்தான் கிடக்கு" என்பார்.

"அது மயங்கி எழும்பிறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்திடுவன்" என்பாள்.

சிவனேஸ்வரிக்குப் பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை. பகல் முழுக்கத் தண்ணிக்குள் கிடக்கிற கை. குளிர் வந்தால் விரல் மூட்டுகள் வீங்கிக் குத்தும். காலையில் கொதிக்கிற முதல் கேத்தில் அவருக்கு, ஏனென்றால் அவர்தான் முதலில் வெளிக்கிடுகிறவர். அவள் முறை வரும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். பச்சைத் தண்ணியை அள்ளி ஊற்றிக்கொண்டு பல்லைக் கடித்தபடி ஓடுவாள். கடைசியில் அவளுக்கு வெறுத்தே போய்விட்டது. இந்த வாரத்துக்குள் பொயிலர் எரியாவிட்டால் நோர்பரியில் அக்கா வீட்டோடு போய் இருப்பது என்று உடுப்புப் பெட்டியையும் இறக்கிவைத்தாள். சொந்த வீட்டை விட்டுப் போக அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்டவள் அவள்.

பெட்டி இறக்கிய அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு ராஜியிடம் போனாள். ராஜி மதுரைக்காரி, வங்கியில் வேலை. அவள் வீட்டுச் சுவரிலும் அதே பொயிலர், அதே கிருஷ்ணராசா மாட்டிப் பூட்டியதுதான்.

"எனக்குப் பொய் சொல்ல வராதுக்கா" என்று ராஜி முதலில் நழுவப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கிருஷ்ணராசாவுக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணா, பாய்லர் நின்னுபோச்சு. சிவப்பு லைட் மின்னுது."

"அது போர்ட் போயிருக்கும் ராஜி. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நாளைக்குக் காலமை புதுசு கொண்டு வந்து பூட்டிவிடுறன்." அத்தோடு விட்டாரா மனுஷன்? "அதுவரைக்கும் கேத்தில்ல கொதிதண்ணி தூக்கிக்கொண்டு படி ஏறாதேங்கோ. கை சுட்டுப்போடும். கவனம் பிள்ளை."

பக்கத்தில் நின்ற சிவனேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ராஜி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கிருஷ்ணராசா புதுப் போர்ட் பெட்டியும் கையுமாக ராஜி வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்த ராஜி, மனப்பாடம் செய்ததைப்போல ஒப்பித்தாள். "எங்க பாய்லர் நல்லா இருக்குண்ணா. ரிப்பேரானது பக்கத்து வீட்ல."

அவர் மெல்லத் திரும்பினார். தன் வீட்டு வாசலில் சிவனேஸ்வரி, கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் நின்றாள். கஸ்டமர்கள் எல்லாரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டின புருஷனை அப்படிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

"பொயிலர்காரரே, வாங்கோ. உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

அவர் முகம் சிவந்தது. பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு வான் வண்டியில் ஏறிவிடுவாரோ என்று சிவனேஸ்வரி பயந்தாள். ஏறினால் அக்கா வீடுதான், வேறு வழியில்லை.

கிருஷ்ணராசா குனிந்தார். பாக்கெட்டுக்குள்ளிருந்து, கஸ்டமர் வீடுகளில் சப்பாத்துக்கு மேல் மாட்டுகிற நீல உறையை எடுத்தார். மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"பொயிலர் எங்க இருக்கு?"

சுவரில் துளைபோட்டு அதைப் பூட்டியவரே அவர்தான். ராஜி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"குசினிக்குள்ள. வாங்கோ காட்டுறன்."

மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றியபடி, எந்த வீட்டிலும் கேட்பதைப்போலவே கேட்டார். "கனநாளாய்ப் பழுதோ? வீட்டில நோய் வருத்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

"எனக்குத்தான் கை விரல் எல்லாம் குத்து. சுடுதண்ணியை அவருக்குக் குடுத்துவிட்டு நான் பச்சைத் தண்ணியில குளிச்சிட்டு ஓடுறன்."

திருகாணியோடு அவர் கை நின்றுவிட்டது. "பச்சைத் தண்ணியிலயோ? இதை உங்கட அவருக்குச் சொல்லேல்லையோ?"

"எங்க சொல்ல? வாய் திறந்தா, இண்டைக்குச் சரிவந்திடும் எண்டுவார். நல்ல மனுசன்தான். வெளியில ஆருக்கும் குளிரக்கூடாது அவருக்கு."

"சுத்த மடையன், விசரன்" என்றார் கிருஷ்ணராசா.

"எங்கட அவரைப் பற்றி நீங்கள் அப்பிடிச் சொல்லக்கூடாது" என்றாள் சிவனேஸ்வரி. இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நின்ற வேலை ஓடத் தொடங்கியது.

பழைய போர்டை இழுத்தெடுத்தார், புதியதை மாட்டினார், வயர்களை ஒவ்வொன்றாகச் செருகினார். மெயினைப் போட்டதும் சிவப்பு லைட் இல்லை, பச்சை. பொயிலர் ஒருதரம் கனைத்துவிட்டுக் கதகதவென்று எரிந்தது. சிவனேஸ்வரி பைப்பைத் திறந்து இரண்டு கையையும் கீழே பிடித்தாள். சுடுதண்ணி. எடுக்கவே மனம் வரவில்லை.

"நீங்கள் முதல் போய்க் குளிச்சிட்டு வாங்கோ" என்றாள், பழக்கதோஷத்தில்.

"இல்லை. கஸ்டமர்தான் முதல்."

சிவனேஸ்வரி மேலே போய்க் கதவைச் சாத்தினாள். தலையிலிருந்து சுடச்சுட வழிந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. வெளியே படியில் அவர் வந்து உட்கார்கிற சத்தம் கேட்டது.

"சிவனேஸ், சூடு காணுமோ, போதுமோ?"

இந்த வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து அவர் அவளிடம் கேட்காத கேள்வி. அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் தண்ணிக்குள் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள்.

"காணாது. இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ."

படியில் அவர் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது.