கதவுப் பலகையில் செய்த மேசைகள்

இது நடந்தது. பினாங்கு ஆர்கைல் ரோட்டில், 1927-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், தச்சர் பாக்கியநாதனுக்கு நடந்தது. சாகும்வரை அவர் இதில் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை மைக்கேல் வந்தான். சின்ன வயதுச் சிநேகிதன். அவனை நம்பித்தான் தங்கை ரோசலினைக் கட்டிக் கொடுத்திருந்தார். கைவண்டியில் ஒரு பழைய தேக்குக் கதவைக் கொண்டுவந்திருந்தான்.

"ரோசலின் நேத்துக் கப்பல்ல நாகப்பட்டினம் போயிட்டா, மச்சான். என்கூட இருக்க மாட்டாளாம்."

"எங்கிட்ட சொல்லாமலா?"

"யாருகிட்டயும் சொல்லல லா. இந்தக் கதவ நீ வச்சுக்க. நல்ல மரம்."

பாக்கியநாதனுக்கு நெஞ்சு எரிந்தது. தோளில் தூக்கி வளர்த்த தங்கை, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே! அந்தக் கோபத்தோடேயே வீட்டுப் பின்கட்டுப் பட்டறையில் கதவை அறுத்தார். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் வைக்கக் குட்டி மேசைகள் வேண்டுமென்று மனைவி மார்த்தா வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை, மாலை நாலு மணி. வெளியே மழை. இழுப்பறைக்கான பலகையை இழைத்தார். வழுவழுவென்று வந்தது. உளியை எடுக்கத் திரும்பிவிட்டுப் பார்த்தால்... பலகையில் நகக் கீறல்கள்.

மறுபடி இழைத்தார். மறுபடி கீறல். இன்னும் ஆழமாக.

இழுப்பறைப் பலகைகளைப் பொருத்தி மேசைக்குள் தள்ளினார். உள்ளேயிருந்து... டொக். டொக்.

இழுத்துப் பார்த்தார். காலி. இல்லை... மூலையில் செங்கல் தூள். பட்டறையில் செங்கலே கிடையாது.

மூடினார்.

"அண்ணே..."

ரோசலின் குரல்.

"அண்ணே... தொறங்க..."

கப்பல் மூழ்கிவிட்டதா? செத்தவள் வந்து கூப்பிடுகிறாளா? கொட்டும் மழையில் மைக்கேல் வீட்டுக்கு ஓடினார். மைக்கேல் வாசலை மறித்து நின்றான். உள்ளே வா என்று சொல்லவில்லை. பாக்கியநாதன் மழையில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார்.

"கப்பலுக்கு ஒண்ணும் ஆகல. ஈரத்துல மரம் முறுக்குது, அதான் சத்தம். ஆணி அடிச்சு மூடிடு, மச்சான்."

சிநேகிதன் பேச்சைக் கேட்டார். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அன்று இரவே ஆணி அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே அழுகை.

கடைசி ஆணி இறங்கியது.

அழுகை நின்றது.

வெள்ளிக்கிழமை, மைக்கேலின் பக்கத்து வீட்டுக்காரி ஹாஜரா மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணே, மைக்கேல நேத்துலேர்ந்து காணோம். வீடு தொறந்து கெடக்கு. உள்ள சாமான் ரூம்போட தேக்குக் கதவு இருந்த எடத்துல... புதுச் சுவரு."

போலீஸ் சுவரை இடித்தது. ரோசலின் உள்ளே கிடந்தாள். கப்பலே ஏறவில்லை. மைக்கேல் கடைசிவரை பிடிபடவும் இல்லை.

பட்டறையில் கேட்டது பேயின் குரல் என்றுதான் பாக்கியநாதன் நினைத்திருந்தார். உடலைப் பார்த்த டாக்டர்தான் சொன்னார்: உயிர் போனது வியாழக்கிழமை காலையில்.

அவர் ஆணி அடித்தபோது அவள் செத்திருக்கவில்லை.