மாமாவைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்குப் போன நாள்

பிள்ளைகள், நான் ஏன் வேட்டைக்குப் போவதை விட்டேன் என்று நீங்கள் இரண்டொரு தடவை கேட்டிருக்கிறீர்கள். "வயது போயிட்டுது" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். உங்கள் மாமாவோடு போன அந்த ஒரு நாளைச் சொன்னால்தான் அது விளங்கும். எழுதிப் பழக்கமில்லாதவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அப்போது நான் லண்டன் சவுத்தாலில் ஒரு இறைச்சிக்கடையில் வேலை செய்தேன். செம்மறி ஆடு எடுப்பதற்காக முதலாளி என்னைக் கென்ட் பக்கத்தில் ஒரு பண்ணைக்கு அனுப்புவார். அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரர். குளிர்காலத்தில் அவருடைய கோதுமை முளைகளை மான்கள் கூட்டமாக வந்து தின்றுவிடும். "உனக்கு வெட்டத் தெரியும், சுடவும் பழகு" என்று அவர்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டார். லைசன்ஸ் கிடைக்க ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தது. பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டி சுவரோடு பூட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கலாமா, கொடுத்தால் லஞ்சம் என்று நினைப்பாரா என்று உங்கள் அம்மா குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார்.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். சுவாசப்பை பழுதாகிப் பெற்றோல் ஸ்டேஷன் வேலையை விட்டபிறகு, கிங்ஸ்பரியில் எங்கள் முன்னறையில்தான் இருந்தார். அவருடைய இருமல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் லண்டனுக்கு வருமுன் வன்னியில் அவர் பெரிய வேட்டைக்காரர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த இலையுதிர்காலத்தில் டொக்டர்மார், இனிக் கொடுக்க மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சில நாள் கழித்து, நான் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, "மச்சான், என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவன்" என்றார்.

"துவக்கைத் தொட ஏலாது. உமக்கு லைசன்ஸ் இல்லை."

"தொடமாட்டன். பாக்கிறன்."

"பாக்கிறதுக்கு ஏன் குளிருக்குள்ள? டிவியிலை பாருமன்."

"டிவியிலை வாற மானைச் சமைக்க ஏலுமோ?"

நான் பண்ணைக்காரரிடம் கேட்டேன். நிலத்துக்கு உரியவர் சம்மதித்தால், லைசன்ஸ் இல்லாதவரும் என் பக்கத்தில் இருந்து சுடுவதற்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. அவர் யோசித்துவிட்டு, ஆள் கூட வரலாம், பார்க்கலாம், ஆனால் துப்பாக்கி உன் கையை விட்டுப் போகக்கூடாது என்றார். முன்பின் தெரியாத ஒருவரை எப்படி நம்புவார்? அவரில் பிழை சொல்ல மாட்டேன்.

மாமாவுக்குச் சொன்னபோது சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியபிறகுதான் பேச்சு வந்தது.

"அப்ப நான் ஆர், உன்ர வேட்டை நாயோ?"

"நாய் எண்டால் சத்தம் போடாமல் இருக்கும்."

"எங்கட பக்கம் வேட்டைக்குக் கூடப் போன நாய்க்கும் ஒரு பங்கு வைப்பினம், தெரியுமோ? என்ர பங்கை மறந்திடாதை."

பகிடியாகச் சொன்னாலும் அதுதான் அவருடைய ஆசை. இரண்டு வருடமாக மற்றவர்கள் கொண்டுவந்து கொடுத்ததையே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். கூடப் போய் வந்ததற்கான தன் பங்கு என்று ஒரு துண்டு இறைச்சியைத் தங்கச்சியின் கையில் ஒருமுறை கொடுத்துவிட வேண்டும். அவருக்கு இருந்த காலமும் அந்த ஒரு முறைக்குத்தான் போதும்போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். அம்மா மாமாவைக் கதிரையில் இருத்தி, நெஞ்சிலும் முதுகிலும் கழுத்திலும் தைலம் பூசினார். மாமா குழந்தை மாதிரி நாடியை உயர்த்திக் காட்டினார்.

"இருமினால் மான் ஓடிடும், அண்ணை. இது கிடந்தால் இருமல் வராது."

"பூசு பிள்ளை, பூசு."

அதற்கு மேல் கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டு, நெற்றியில் திருநீறும் பூசினார். எங்கள் வீட்டில் அந்தத் தைலம் எந்நேரமும் மணந்துகொண்டிருந்ததால் எனக்கு அது தனியாகத் தெரியவில்லை. மாமாவுக்கோ மணமே தெரியாமல் போய்க் கனகாலம். பக்கத்தில் கருவாடு கருகினாலும் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார்.

பண்ணையில் இறங்கியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். காய்ந்த புல்லைக் கசக்கி விரலிடையால் விழவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். காற்று காட்டிலிருந்து எங்களை நோக்கி வந்தது; எங்கள் மணம் மானுக்குப் போகாது. "இதிலை இருப்பம்" என்று ஒரு வேலிப்பற்றையைக் காட்டினார். தீன் சாக்கு இரண்டை விரித்து இருந்தோம். இருந்ததும் தன் இரண்டு கைகளையும் ஜாக்கெட்டுக்குள் விட்டு மூடிக்கொண்டார்.

"குளிருதோ?"

"இல்லை. வெளியிலை விட்டால் கை தன்பாட்டிலை உன்ர துவக்குக்குப் போயிடும்."

வெயில் சாயத் தொடங்கியது. மாமா இருமவேயில்லை. இருமல் வரும்போதெல்லாம் முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடும். வாயை இறுக்கி அதை விழுங்கிவிடுவார். பக்கத்தில் இருந்து அதைப் பார்ப்பது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. திரும்பிப் போவோம் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் நாடியால் காட்டைக் காட்டினார்.

பெண்மான் ஒன்று தனியே வந்து நின்றது. இரண்டடி வைக்கும், தலையைக் குனிந்து கடிக்கும், பிறகு காதைத் திருப்பும். நான் துப்பாக்கியை உயர்த்தினேன். அது எங்களுக்கு நேரே முகம் காட்டி நின்றது. அப்படி நிற்கும்போது சுட்டால் மிருகம் வதைபடும். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். மாமாவின் உதடு அசைந்தது. "பொறு, திரும்பும்."

அந்த நேரம் என் பிடரியில் குளிர் பட்டது. காற்றுத் திரும்பிவிட்டது. அதோடு சேர்ந்து தைலத்தின் மணம் என் மூக்கில் அடித்தது. அன்று முழுவதும் நான் அதை மணந்தது அப்போதுதான் முதல் தடவை. மான் மூக்கை உயர்த்தியது. மாமாவை நேராகப் பார்த்தது. மாமாவும் பார்த்துக்கொண்டே இருந்தார். அது முன்னங்காலை ஒருமுறை நிலத்தில் அடித்துவிட்டு, வெள்ளைப் பின்புறம் தெரிய ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் மாமா இருமினார். அதுவரை அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"என்னத்தை மணந்தது அது?" என்றார்.

"காத்துத் திரும்பிட்டுது, மச்சான்."

"அது எனக்கும் தெரியும். என்னத்தை மணந்தது?"

நான் அவருடைய சால்வையைக் காட்டினேன். அவர் அதை மூக்கில் வைத்து இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார்.

"மணக்குதோ?"

"ஓம்."

"கனக்கவோ?"

"ஓம்."

சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கொழும்பிலும் லண்டனிலும் எத்தனையோ கஷ்டங்களில் நான் அந்த மனிதரைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சின்னதாய்ப் போய் இருந்ததை வேறொரு நாளும் பார்த்ததில்லை. பிறகு சொன்னார்: "தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை."

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா முதலில் எங்கள் கைகளைத்தான் பார்த்தார்.

"நான் இருமிப்போட்டன், பிள்ளை. அது ஓடிட்டுது" என்றார் மாமா.

"ஐயோ அண்ணை, நான் இன்னும் கொஞ்சம் கூடப் பூசியிருக்க வேணும். அடுத்தமுறை பாருங்கோவன்."

"ஓம், அடுத்தமுறை கூடப் பூசிவிடு."

அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர் பிறகு முன்னறைக் கட்டிலை விட்டு எழும்பவில்லை. என்னைத்தான் வேட்டைக்குப் போ, போ என்று கலைத்தார். ஒருநாள் தனியே போய் ஒரு மானோடு வந்தேன். அவருக்கென்று நல்ல துண்டாக ஒன்றை வெட்டிக் கட்டிலடிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உம்மட பங்கு, மச்சான்."

அவர் அதை நல்லாகப் பார்த்தார். "நல்ல இறைச்சி. ஆனால் நான் வரேல்லையே" என்றார். "வராதவனுக்குப் பங்கில்லை."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா சாறு வைத்துக் கொடுத்தும் தொடவில்லை. குளிர் முடியுமுன் போய்விட்டார். அதன் பிறகு இறைச்சியை வெட்டிப் பங்கு வைக்கும் நேரமெல்லாம் என் கை நின்றுவிடும். துப்பாக்கியை விற்றேன். லைசன்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாமாவின் முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடிந்த பின்னேரம், சனம் எல்லாம் போனபிறகு, அம்மா சட்டிகளைக் கழுவிக்கொண்டு பழையபடி தொடங்கினார். "அண்டைக்கு நான் தைலத்தைக் குறைச்சுப் பூசினதாலைதான் அண்ணைக்கு இருமல் வந்தது." ஒரு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்க முடியவில்லை. மான் ஓடும்வரை மாமா இருமவேயில்லை என்பதையும், மான் எதை மணந்து ஓடியது என்பதையும் சொல்லிவிட்டேன். சொன்னது சரியோ பிழையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா அழவில்லை. கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு, "எவ்வளவு கிட்ட வந்தது?" என்று கேட்டார்.

நான் யன்னலால் காட்டினேன். "உந்தப் பின்வீட்டு மதில் தூரம்தான்."

அந்த மதிலை அவர் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அண்ணைக்கு மான் வடிவாத் தெரிஞ்சிருக்கும்."

"ஓம். வடிவாத் தெரிஞ்சது."

அம்மா பைப்பைத் திறந்து மற்றச் சட்டியை எடுத்தார்.